நீட்சியின் கேச் ஏன் காணாமல் போகிறது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இந்த வழிமுறை நிரல் எழுதப் பயன்படும் வி.எஸ். கோட் எடிட்டருக்கு நீட்சி (கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷன்) எழுதுகிறவர்களுக்கானது. சர்வரிலிருந்து ஒருமுறை வாங்கிய தகவலையோ, நேரம் செலவிட்டுக் கணக்கிட்ட முடிவையோ நீட்சி வட்டில் வைத்துக்கொண்டு அடுத்த முறை எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தச் சேமிப்புக்குத்தான் கேச் என்று பெயர். ஒரு நாள் கொடுக்கிறது, மறுநாள் கையை விரிக்கிறது என்றால் எங்கே பார்ப்பது என்பதே இங்கே பேச்சு.

எடுத்துக்காட்டுகள் மொரீஷியஸில் நாங்கள் சிலர் பராமரித்து வரும் ஒரு நீட்சியிலிருந்து வருபவை. தமிழ்ப் பாடக் கோப்புகளைத் தயாரிக்கும் ஆசிரியர்கள் ஒரு சொல்லின் மேல் சுட்டியை வைத்தால், அதன் பொருளைப் பிரெஞ்சிலும் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் அது காட்டும். அகராதி வெளிநாட்டில் உள்ள சர்வரில் இருக்கிறது. தீவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு கேள்வியும் கடலடிக் கேபிளில் ஏறியாக வேண்டும். தென்னாப்பிரிக்கா, ரீயூனியன், மொரீஷியஸ், கொச்சி, பினாங்கு என இணைக்கும் சேஃப் கேபிள் 2002 முதல் இருக்கிறது; 2021இல் மெட்டிஸ் வந்தது. கேபிள்கள் கூடினாலும் தூரம் குறைவதில்லை. எங்கள் பயனர்களில் பலர் கைப்பேசியின் டேட்டாவைக் கணினிக்குப் பகிர்ந்து வேலை செய்கிறவர்கள். அவர்களைப் பொறுத்தவரை கேச் வேலை செய்யவில்லை என்றால் நீட்சியே வேலை செய்யவில்லை.

முதலில் வட்டைத் திறந்து பாருங்கள்

கேச் பழுது என்று வருபவற்றில் பெரும்பாலானவை இடம் மாறிய பழுதுகள். தகவல் அழிந்திருக்காது; வேறு கோப்புறையில், வேறு கணினியில், வேறு சாவியின் (தகவலைத் தேடி எடுக்கும் பெயர்) கீழ் உட்கார்ந்திருக்கும். ஆகவே நிரலில் கைவைக்கும் முன் வட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். யூகித்துக்கொண்டே நிரலைத் திருத்துவதுதான் இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்கிறது.

நீட்சிக்கு எடிட்டர் தரும் இடங்கள் நான்கு. குளோபல்ஸ்டேட், ஒர்க்ஸ்பேஸ்ஸ்டேட் இரண்டும் சாவி–மதிப்பு இணைகளை வைக்கும் சிறு சேமிப்புகள். குளோபல்ஸ்டோரேஜ்யூஆர்ஐ, ஸ்டோரேஜ்யூஆர்ஐ இரண்டும் கோப்புறைகளின் முகவரிகள். அவற்றுக்குள் என்ன எழுதுவது என்பது நீட்சியின் பொறுப்பு. கடவுச்சொல், டோக்கன் (சர்வருக்கான அனுமதிச் சரம்) போன்றவற்றுக்குத் தனியாக சீக்ரெட்ஸ் உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

வட்டில் இவை எடிட்டரின் 'யூசர்' கோப்புறைக்குள் வருகின்றன. விண்டோஸில் ஆப்டேட்டாவின் ரோமிங்குக்குள் 'கோட்', மேக்கில் லைப்ரரியின் அப்ளிகேஷன் சப்போர்ட்டுக்குள் 'கோட்', லினக்ஸில் வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் கான்ஃபிக்குக்குள் 'கோட்' என்று தேடிப் போனால் 'யூசர்' கிடைக்கும். அதற்குள் குளோபல்ஸ்டோரேஜ், ஒர்க்ஸ்பேஸ்ஸ்டோரேஜ் என்று இரண்டு கோப்புறைகள். சாவி–மதிப்புச் சேமிப்பு ஒரு எஸ்.க்யூ.லைட் தரவுத்தளக் கோப்பாக இருக்கும். உங்கள் நீட்சியின் குளோபல்ஸ்டேட் முழுவதும் அதில் ஒரே வரிசையில், பதிப்பாளர் பெயரும் நீட்சிப் பெயரும் சேர்ந்த அடையாளத்தின் கீழ், ஒரே ஜேசன் (தகவலை உரையாக எழுதும் வடிவம்) சரமாகக் கிடக்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி அறிகுறிகள் தாமே விளங்கிவிடும்.

கோப்பைக் கையால் திறக்க விருப்பமில்லை என்றால், கட்டளைப் பலகையில் டெவலப்பர் கட்டளைகளுக்குள் சேமிப்புத் தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தைப் பதிவில் (லாக்) காட்டும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதுவே போதும்.

அறிகுறி: சாளரத்தை மூடித் திறந்தால் எல்லாம் போய்விடுகிறது

திரியோலேயில் இருக்கும் ஓர் ஆசிரியை எழுதியிருந்தார்: “தம்பி, நேற்று மாலை வரை வந்த சொற்கள் இன்று காலை ஒன்றுகூட வரவில்லை. மறுபடியும் டேட்டாதான் செலவாகிறது.” இப்படி ஒரு புகார் வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, மதிப்பை எடுக்கும் கெட் செயல் கொடுத்த பொருளை நேரடியாக மாற்றுவது. குளோபல்ஸ்டேட்டிலிருந்து ஒரு பட்டியலை எடுக்கிறீர்கள், அதில் புதிய சொல்லைச் சேர்க்கிறீர்கள், அதோடு விட்டுவிடுகிறீர்கள். கெட் தருவது நகல் அன்று, நினைவகத்தில் உள்ள அதே பொருள். அதனால் அந்தச் சாளரம் திறந்திருக்கும் வரை புதிய சொல்லும் அங்கே இருப்பதாகவே தெரியும். எழுதும் செயலான அப்டேட் அழைக்கப்படாததால் வட்டுக்கு எதுவும் போயிருக்காது. சாளரத்தை மூடும் வரை வெளியே தெரியாத பழுது இது. சோதனை எளிது: சேர்த்தவுடன் 'ரீலோட் விண்டோ' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். மருந்து, எடுத்ததை நகலெடுத்து, நகலை மாற்றி, அப்டேட் மூலம் திருப்பிக் கொடுப்பது.

இரண்டாவது, ஜேசனுக்குள் போகாத பொருள்கள். மேப், செட் இரண்டையும் அப்டேட்டுக்குக் கொடுத்தால் வெற்றுப் பொருளாகச் சேமிக்கப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. தேதி சரமாக மாறிவிடும். அடுத்த நாள் அதைத் தேதி என்று நம்பி ஒப்பிட்டால் காலாவதிக் கணக்கு தவறும். மேப்பை இணைகளின் பட்டியலாகவும், தேதியை மில்லிவினாடி எண்ணாகவும் மாற்றிக் கொடுங்கள்.

மூன்றாவது, எழுதி முடிக்கும் முன் கதவு மூடப்படுவது. அப்டேட் ஒரு ப்ராமிஸை, அதாவது பின்னால் முடியப்போகும் வேலைக்கான பொருளை, திருப்பித் தருகிறது. அது நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு நீட்சி நிறுத்தப்படும்போது அழைக்கப்படும் டிஆக்டிவேட் சமயத்தில் மொத்தமாக எழுதும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. டிஆக்டிவேட்டிலிருந்து ப்ராமிஸைத் திருப்பிக் கொடுத்தாலும் எடிட்டர் சில வினாடிகள்தான் பொறுக்கும். மின்சாரம் போனால் டிஆக்டிவேட் அழைக்கப்படவே போவதில்லை. மாற்றம் நடந்து ஓரிரு வினாடிகளில் எழுதிவிடுங்கள். தொடர்ந்து மாற்றங்கள் வந்தால் அவற்றை ஒன்றுசேர்த்து எழுதுங்கள்.

அறிகுறி: நீட்சி புதுப்பிக்கப்படும்போது மட்டும் காலியாகிறது

நீட்சி நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே கேச்சை எழுதுகிறீர்கள். ஒவ்வொரு பதிப்பும் பெயரில் பதிப்பு எண்ணைத் தாங்கிய புதிய கோப்புறையில் நிறுவப்படுகிறது. பழையது பின்னர் அழிக்கப்படுகிறது. கேச்சும் அதனுடன் போகிறது. குளோபல்ஸ்டோரேஜ்யூஆர்ஐ சுட்டும் இடத்துக்கு மாற்றுங்கள். அந்தக் கோப்புறை முதல் முறை இருக்காது, நீங்கள்தான் உருவாக்க வேண்டும். 'கோப்பு இல்லை' என்ற பிழை புதிய பயனர்களிடம் மட்டும் எழுவதற்கு இதுதான் காரணம்.

பதிப்பாளர் பெயரையோ நீட்சிப் பெயரையோ மாற்றியிருந்தால் அதுவும் போதும். அடையாளம் மாறியதும் எடிட்டருக்கு நீங்கள் புது ஆள்.

அறிகுறி: ஒரு திட்டத்தில் மட்டும் காணவில்லை

ஒர்க்ஸ்பேஸ்ஸ்டேட்டும் ஸ்டோரேஜ்யூஆர்ஐயும் திறந்திருக்கும் கோப்புறைக்கு உரியவை. ஒர்க்ஸ்பேஸ்ஸ்டோரேஜுக்குள் நீளமான எழுத்து–எண் கலவைப் பெயர்களில் பல கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் சிறு ஜேசன் கோப்பு, அது எந்தத் திட்டத்துக்குரியது என்று சொல்லும். அந்தக் கலவைப் பெயர் திட்டக் கோப்புறையின் பாதையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. விண்டோஸிலும் மேக்கிலும் கோப்புறை உருவான நேரமும், லினக்ஸில் கோப்புறைக்குக் கோப்பு முறைமை தரும் ஐநோடு எண்ணும் சேர்கின்றன. ஆகவே திட்டத்தை அழித்துவிட்டு அதே பெயரில், அதே இடத்தில், பதிப்புகளைக் காக்கும் கிட்டிலிருந்து மீண்டும் இறக்கினாலும் எடிட்டருக்கு அது வேறு திட்டம். பழைய கேச் அநாதையாக அங்கேயே கிடக்கும்.

எந்தக் கோப்புறையும் திறக்காமல் தனிக் கோப்பை மட்டும் திறந்தால் ஸ்டோரேஜ்யூஆர்ஐக்கு மதிப்பே இருக்காது. ஆசிரியர்கள் மின்னஞ்சலில் வந்த ஒரே ஒரு பாடக் கோப்பைச் சொடுக்கித் திறக்கிறவர்கள். எங்கள் அகராதி எந்தத் திட்டத்தையும் சார்ந்தது அல்ல. அதன் இடம் குளோபல்ஸ்டோரேஜ். திட்டத்தின் கோப்புகளிலிருந்தே கணக்கிடப்பட்ட முடிவுகளுக்குத்தான் ஒர்க்ஸ்பேஸ்.

2023 தொடக்கத்தில் வந்த அமைப்புகளைத் தனித்தனித் தொகுப்பாக வைக்கும் ப்ரொஃபைல் வசதியையும் நினைவில் வையுங்கள். பயனர் ப்ரொஃபைலை மாற்றினால் குளோபல்ஸ்டேட்டும் வேறாகிவிடும்.

அறிகுறி: 'இறக்கியாகிவிட்டது' என்கிறது, கோப்பைக் காணோம்

எபேன் சைபர்சிட்டி அலுவலகங்களில் இருக்கும் நண்பர்களிடமிருந்து இந்த அறிகுறி வரும், ஆசிரியர்களிடமிருந்து வராது. அந்த வேறுபாடே காரணத்தைக் காட்டிக் கொடுக்கிறது. எஸ்.எஸ்.ஹெச். வழியாகத் தொலைவுச் சர்வரிலோ, கன்டெய்னருக்குள்ளோ (தனித்து ஓடும் மென்பொருள் சூழல்) வேலை செய்யும்போது நீட்சி அங்கேதான் ஓடுகிறது. குளோபல்ஸ்டோரேஜ் கோப்புறையும் அந்தத் தொலைவுக் கணினியில்தான். ஆனால் குளோபல்ஸ்டேட் எடிட்டரின் முகப்பு ஓடும் உங்கள் மடிக்கணினியில் சேமிக்கப்படுகிறது.

இனி நடப்பதைப் பாருங்கள். நீட்சி அகராதித் தொகுப்பைக் கன்டெய்னருக்குள் இறக்குகிறது; 'தொகுப்பு இருக்கிறது' என்று குளோபல்ஸ்டேட்டில் குறித்துக்கொள்கிறது. கன்டெய்னர் மறுபடி கட்டப்படுகிறது. கோப்பு போய்விட்டது, குறிப்பு மட்டும் நிற்கிறது. நீட்சி குறிப்பை நம்பி இல்லாத கோப்பைத் திறக்கப் போய் விழுகிறது. வேறொரு சர்வருடன் இணைந்தாலும் இதே கதை.

திருத்தம்: ஒரு கோப்பைப் பற்றிய குறிப்பு அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பதிப்பு, இறக்கிய நேரம், அளவு எல்லாவற்றையும் அதே கோப்புறையில் ஒரு சிறு ஜேசன் கோப்பாக வையுங்கள். அழிந்தால் இரண்டும் சேர்ந்து அழியட்டும்.

இணையத்தில் ஓடும் எடிட்டரில் கோப்புகளைக் கையாளும் நோட்.ஜேஎஸ் நூலகம் கிடையாது. பாதைச் சரத்தை எடுத்துக்கொண்டு போனால் எதுவும் திறக்காது. முகவரியை முகவரியாகவே ஒர்க்ஸ்பேஸ் எஃப்.எஸ். செயல்களுக்குக் கொடுத்தால் சொந்தக் கணினி, தொலைவுக் கணினி, இணையம் என்ற மூன்று சூழலிலும் ஒரே நிரல் ஓடும்.

அறிகுறி: தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போகிறது

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த ஆவணத்திலும் எனக்கு இது கிடைக்கவில்லை, தமிழ்ச் சொற்களைச் சாவியாக வைக்கும் ஒவ்வொருவரும் இதில் வந்து முட்டியே ஆக வேண்டும். ஆகவே இங்கே சற்று நின்று பேசுகிறேன். ரூபாய்த் தாளிலேயே தமிழ் எழுத்து அச்சாகும் நாட்டில் இருந்துகொண்டு, தமிழை நம் கருவிகளில் சோதிக்காமல் வெளியிடுவது எனக்கு ஏற்பில்லை.

'மொரீஷியஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரே மாதிரி தெரியும் இந்தச் சொல்லை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்றில் 'மொ' என்பது மகரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். சொல் மொத்தம் 9 குறியீடுகள். மற்றதில் ஒகரக் குறி எகரக் கொம்பாகவும் காலாகவும் பிரிந்து நிற்கும். சொல் 10 குறியீடுகள். ஜாவாஸ்கிரிப்ட்டில் நீளத்தைக் கேட்டால் 9, 10 என்று இரண்டு விடை வரும். ஒப்பிட்டால் சமம் இல்லை என்று வரும். கேச்சைப் பொறுத்தவரை இவை இரண்டு சொற்கள். பழைய எழுத்துருக்களில் இருந்த பாடங்களை மாற்றிகள் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்தவர்களிடம் பிரிந்த வடிவம் நிறைய இருக்கும். கைப்பேசியில் தட்டுகிறவர்களிடம் சேர்ந்த வடிவம். போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில், கோவில், பொங்கல் என ஒ, ஓ வரும் சொற்களில் எல்லாம் இந்தச் சிக்கல் உண்டு.

மருந்து எளிது: சாவியாக்கும் முன் நார்மலைஸ் செயலால் என்.எஃப்.சி. என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். எழுதும்போதும் தேடும்போதும் ஒரே செயல்பாட்டின் வழியாகவே சாவி பிறக்க வேண்டும். இரண்டு இடத்தில் தனித்தனியாக எழுதினால் என்றாவது ஒரு நாள் ஒன்று மாறிவிடும். பிரெஞ்சின் உச்சரிப்புக் குறியிட்ட எழுத்துகளுக்கும் இதே நோய், இதே மருந்து.

ஆனால் என்.எஃப்.சி. எல்லாவற்றையும் தீர்க்காது. இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டப்படும் சொற்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு, பிரிப்புக் குறியீடுகள் ஒட்டிக்கொண்டு வரும். சாவியிலிருந்து அவற்றை நீக்குங்கள், பயனரின் மூல உரையை மட்டும் தொடாதீர்கள். 'ஸ்ரீ' என்பது ஸ, ஶ என்ற இரண்டு வெவ்வேறு கிரந்தக் குறியீடுகளில் ஒன்றால் எழுதப்படுகிறது. சாவியில் ஒன்றை மற்றதாக மாற்றிக்கொள்ளலாம்.

ஔகாரத்தில் மட்டும் கவனம் தேவை. 'கௌரி' என்பதைப் பலர் ககரம், எகரக் கொம்பு, ளகரம் என்று தட்டுகிறார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதைக் கண்டதும் கொம்பும் ளகரமும் வந்தால் ஔகாரக் குறியாக மாற்று என்று விதி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். 'தெளிவு', 'வெளி', 'தெளி' எல்லாம் அந்த விதியில் சிதைந்துவிடும். எங்கள் வழி வேறு: அகராதியில் உண்மையாகவே ஔகாரம் உள்ள சொற்களுக்கு மட்டும், தவறாகத் தட்டப்படும் வடிவத்தை மாற்றுச் சாவியாகச் சேர்த்துவிடுகிறோம். பட்டியல் சிறியது, ஒருமுறை உருவாக்கினால் போதும்.

இதோடு ஒட்டி இன்னொரு பழுது வரும்: நீண்ட சொற்றொடருக்கு லினக்ஸில் மட்டும் 'பெயர் மிக நீளம்' என்ற பிழை. சாவியையே கோப்புப் பெயராக வைத்திருக்கிறீர்கள். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு எல்லை 255 பைட். யூ.டி.எஃப்.–8இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட், ஆகவே 85 குறியீடுகளில் முடிந்தது. விண்டோஸ் பைட்டை எண்ணாமல் யூ.டி.எஃப்.–16 அலகுகளை எண்ணுவதால் அங்கே அதே பெயர் ஓடிவிடும். முகவரிக் குறியாக்கம் செய்தால் இன்னும் மோசம்: ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 எழுத்தாக விரிந்து, 28 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. சீராக்கிய சாவியை ஷா–256 (எந்த உரையையும் ஒரே நீளக் குறியாக்கும் ஹாஷ் முறை) கொண்டு 64 எழுத்தாக மாற்றி அதைப் பெயராக்குங்கள். மூலச் சொல்லைக் கோப்புக்குள் வையுங்கள். இல்லையென்றால் பிறகு பிழை தேடும்போது எந்தக் கோப்பு எந்தச் சொல் என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

அறிகுறி: பழைய பதிலே வந்துகொண்டிருக்கிறது

சாவியில் எது எது சேர வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பதிலை மாற்றக்கூடிய எல்லாமே சேர வேண்டும்: சொல், இலக்கு மொழி, பயனரின் அமைப்பு, பதிலை உருவாக்கிய கருவியின் பதிப்பு. பயனர் பிரெஞ்சிலிருந்து கிரியோலுக்கு மாற்றிய பிறகும் பிரெஞ்சே வந்தால், இலக்கு மொழி சாவியில் இல்லை. சேமிப்பு வடிவம் மாறும்போதெல்லாம் கோப்புறைப் பெயரிலேயே ஓர் எண்ணைக் கூட்டிவிட்டுப் பழைய எண்ணுள்ள கோப்புறையை அழிக்கலாம். பழையதைப் படித்துப் புதியதாக மாற்றும் நிரல் கேச்சுக்குத் தேவையில்லை. மறுபடி வாங்கிக்கொள்ளக்கூடியதைத்தானே வைத்திருக்கிறோம்? பயனரே எழுதிய குறிப்புகளுக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் கிடையாது. அவற்றைக் கேச்சோடு ஒரே கோப்புறையில் வைக்கவே வைக்காதீர்கள்.

திட்டக் கோப்பிலிருந்து கணக்கிட்ட முடிவுகளில் பழசு தங்கினால், காரணம் பெரும்பாலும் கோப்புக் கண்காணிப்பை மட்டும் நம்பியிருப்பது. எடிட்டர் மூடியிருக்கும்போது கிட் மூலம் இறங்கிய மாற்றங்களைக் கண்காணிப்பு பார்த்திருக்காது. நீட்சி எழும்போது, கேச்சில் உள்ள முடிவை வெளியே கொடுக்கும் முன், கோப்பின் உள்ளடக்க ஹாஷை ஒப்பிடுங்கள். திருத்திய நேரத்தையும் அளவையும் முதல் வடிகட்டியாக வைக்கலாம், ஆனால் கிளை மாறும்போது கிட் நேரத்தை மாற்றிவிடும். தீர்ப்பை ஹாஷிடம் விடுங்கள்.

சர்வர் பதில்களுக்கு ஈடேக் (பதிலின் பதிப்பைக் காட்டும் குறி) இருந்தால் அதையும் சேமித்துக்கொண்டு அடுத்த முறை திருப்பி அனுப்புங்கள். மாற்றம் இல்லையென்றால் சர்வர் உடல் இல்லாமல் 304 மட்டும் தரும். டேட்டாவை எண்ணிச் செலவிடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

காலாவதி பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: காலாவதியானதை அழிக்கக் கூடாது. முப்பது நாள் கடந்த பொருள் பெரும்பாலும் இன்னும் சரியான பொருள்தான். அதைக் காட்டிவிட்டு, பின்னணியில் புதியதைக் கேளுங்கள்; கேட்க முடியவில்லை என்றால் பழையதே இருக்கட்டும். மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்திருக்கும் நாளில் இணையம் அறுந்திருக்கும். அன்றுதான் ஆசிரியருக்குப் பாடம் எழுத நேரம் கிடைத்திருக்கும். அந்த நேரத்தில் காலாவதி என்று சொல்லிக் கேச்சை வெறுமையாக்கும் நீட்சியால் யாருக்குப் பயன்?

அறிகுறி: இணையம் ஒருமுறை அறுந்தால், திரும்பி வந்த பிறகும் வேலை செய்வதில்லை

ஒரே சொல்லுக்குப் பல கேள்விகள் ஒரே நேரத்தில் போகாமலிருக்க, ஓடிக்கொண்டிருக்கும் ப்ராமிஸை ஒரு மேப்பில் வைத்துப் பகிர்வது நல்ல பழக்கம். அது தோல்வியடைந்தால் மேப்பிலிருந்து நீக்க மறந்துவிடுவதுதான் சிக்கல். தோற்ற ப்ராமிஸ் அங்கேயே இருந்து, கேட்பவர்களுக்கெல்லாம் அதே தோல்வியைக் கொடுத்துக்கொண்டிருக்கும். வெற்றியோ தோல்வியோ, முடிந்தவுடன் நீக்குங்கள்.

பிழைப் பக்கத்தையே பதில் என்று வட்டில் எழுதுவது இதன் கொடிய உறவு. நிலைக் குறியீட்டையும் உள்ளடக்க வகையையும் சரிபார்க்காமல் எதையும் சேமிக்காதீர்கள். 'அகராதியில் இல்லை' என்ற பதிலைச் சேமிக்கலாம், குறுகிய ஆயுளோடு.

அறிகுறி: கேச் கோப்பு பாதியில் அறுந்து கிடக்கிறது

ஜேசன் படிக்கும்போது 'எதிர்பாராத முடிவு' என்று வருகிறது. கோப்பைத் திறந்தால் ஒரு சொல்லின் நடுவே நிற்கிறது. சில நேரம் கோப்பின் அளவே பூஜ்யம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் ஓடிய வாரத்துக்குப் பிறகு இத்தகைய கோப்புகள் எங்களுக்கு வந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கிறது.

புதிய உள்ளடக்கத்தை அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்த பிறகு உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே கோப்பு முறைமைக்குள் நடந்தால், படிப்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும் அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். கணினியின் பொதுத் தற்காலிகக் கோப்புறையில் எழுதினால் அது வேறு வட்டாக இருக்கலாம். அப்போது இந்த உறுதி இல்லை. மின்வெட்டைத் தாங்க, பெயரை மாற்றும் முன் கோப்பை எஃப்சிங்க் செய்வது (வட்டில் உண்மையிலேயே எழுதவைப்பது) நல்லது. விண்டோஸில் வேறொரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் பெயர் மாற்றம் மறுக்கப்படும். பெரும்பாலும் வைரஸ் தடுப்பு. சற்றுப் பொறுத்துச் சிலமுறை முயலட்டும்.

எத்தனை கவனமாக எழுதினாலும், உடைந்த கோப்பு ஒன்று என்றாவது வரும் என்று வைத்துக்கொண்டே படிக்கும் நிரலை எழுதுங்கள். படிக்க முடியாத கேச் என்பது இல்லாத கேச். அழித்துவிட்டு மேலே போக வேண்டும். ஒரு கெட்ட கோப்பால் நீட்சி எழவே மறுப்பது பயனருக்கு இழைக்கும் கொடுமை. அவருக்கு அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

மின்சாரம் போகாமலே உடைந்தால், இரண்டு சாளரங்கள் திறந்திருந்தனவா என்று கேளுங்கள். ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி நீட்சி ப்ராசஸ். இரண்டும் ஒரே தற்காலிகப் பெயரில் எழுதினால் மோதும். பெயரில் ப்ராசஸ் எண்ணையும் தற்செயல் எண் ஒன்றையும் சேருங்கள். கோப்பு உடையாமல் சில சொற்கள் மட்டும் தொலைந்தால் அது வேறு வகை மோதல்: இருவரும் முழுப் பட்டியலைப் படித்து, தத்தம் சொல்லைச் சேர்த்து, முழுவதையும் திருப்பி எழுதுகிறார்கள், கடைசியாக எழுதியவரின் பட்டியல் நிற்கிறது. குளோபல்ஸ்டேட்டிலும் இதே ஆபத்து உண்டு, ஏனெனில் மேலே சொன்னபடி ஒரு சாவியைத் தொட்டாலும் எழுதப்படுவது முழு ஜேசன் சரம். அதற்கு மாற்றத்தை அறிவிக்கும் நிகழ்வும் கிடையாது.

சொல்லுக்கு ஒரு கோப்பு என்று பிரித்தால் மோதல் அநேகமாக ஒழியும், ஆனால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை விண்டோஸ் மெதுவாகத்தான் கையாளும். நடுவழியாக, ஷா–256இன் முதல் இரண்டு எழுத்துகளை வைத்து 256 கோப்புகளாகப் பிரித்திருக்கிறோம். எழுதும் முன் அந்தக் கோப்பை மறுபடி படித்து இணைத்துக்கொள்கிறோம். எப்போதாவது ஒரு சொல் தொலையும். அடுத்த முறை சர்வர் தரும். கேச்சுக்கு இந்த அளவு நம்பகம் போதும், பூட்டுக் கோப்புகளின் தொல்லையை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: எடிட்டர் திறக்கவே நேரமாகிறது

பதிவில் 'பெரிய நீட்சி நிலை' என்ற எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். உங்கள் நீட்சியின் அடையாளத்தையும் கிலோபைட் அளவையும் சொல்லி, கோப்புறைச் சேமிப்புக்கு மாறும்படி எடிட்டரே அறிவுரை தரும். நீட்சியை எழுப்பும் ஆக்டிவேட் அழைக்கப்படும் முன்பே குளோபல்ஸ்டேட் முழுவதும் ஏற்றப்பட்டாக வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டும் முழுவதையும் திருப்பி எழுதும். சின்னஞ்சிறு குறிப்புகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புக்கு மாறிய பிறகும் மந்தம் என்றால், எழும்போதே மொத்தத்தையும் படிக்கிறீர்கள். முதல் சொல் கேட்கப்படும் வரை எதையும் படிக்க வேண்டாம். ஒத்திசைவாகப் படிக்கும் கோப்புச் செயல்களை விலக்குங்கள். அதே ப்ராசஸில் மற்ற நீட்சிகளும் ஓடுகின்றன, உங்களால் அவையும் நிற்கும். 'ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்' கட்டளை ஒவ்வொரு நீட்சியும் எழ எடுத்த நேரத்தைக் காட்டும்.

மொத்த அளவுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். நீண்ட நாள் தொடப்படாதவை முதலில் வெளியேறட்டும்.

அறிகுறி: எடிட்டர் புதுப்பித்த மறுநாள் தரவுத்தளம் திறக்கவில்லை

பிழையில் நோட் மாட்யூல் பதிப்பு பொருந்தவில்லை என்று இருந்தால், சி++இல் எழுதப்பட்ட எஸ்.க்யூ.லைட் நூலகத்தை நீட்சிக்குள் வைத்திருக்கிறீர்கள். எடிட்டருக்கு அடித்தளமான எலக்ட்ரான் மாறினால் அதுவும் மறுபடி தொகுக்கப்பட வேண்டும், அதுவும் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனியாக. வெப்அசெம்பிளியில் தொகுத்த எஸ்.க்யூ.லைட்டுக்கு மாறலாம். அகராதி கேச் போன்ற வேலைக்கு வெறும் கோப்புகளே போதும் என்பது என் கருத்து.

அறிகுறி: டோக்கன் வெறும் எழுத்தாகத் தெரிகிறது

சேமிப்பு உள்ளடக்கத்தைப் பதிவில் காட்டும் கட்டளையை ஓட்டியபோது சர்வருக்கான டோக்கன் அப்படியே கண்ணில் பட்டதா? குளோபல்ஸ்டேட் குறியாக்கம் செய்யப்படுவதில்லை. பயனர் உதவி கேட்டு அந்தப் பதிவை யாருக்காவது அனுப்பினால் டோக்கனும் சேர்ந்து போகும். ஒத்திசைக்க வேண்டிய சாவிகளைச் சொல்லும் செட்கீஸ்ஃபார்சிங்க் பட்டியலில் அந்தச் சாவியைச் சேர்த்திருந்தால் பயனரின் மற்றக் கணினிகளுக்கும் பயணம் செய்திருக்கும்.

டோக்கனைச் சீக்ரெட்ஸுக்கு மாற்றுங்கள். அது குறியாக்கம் செய்து வைக்கிறது, கணினிகளுக்கிடையே ஒத்திசைப்பதில்லை. மாற்றும் வரிசையில் கவனம்: முதலில் சீக்ரெட்ஸில் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்து, அதன் பிறகே பழைய சாவிக்கு அன்டிஃபைன்ட் கொடுத்து அப்டேட் செய்யுங்கள், அப்படிக் கொடுத்தால்தான் சாவி நீங்கும். வெற்றுச் சரம் கொடுத்தால் சாவி அங்கேயே இருக்கும். நீட்சியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும் என்று எண்ணி இந்தப் படியைத் தாண்டாதீர்கள். முடித்தபின் அதே கட்டளையை மறுபடி ஓட்டி, டோக்கனின் முதல் சில எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே பதிவு அனுப்பிய பயனர்கள் இருந்தால், அவர்களின் டோக்கனைச் சர்வர் பக்கம் செல்லாததாக்கிப் புதியது கொடுங்கள்.